வீட்டுக்குள் மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

பஸ்சில் ஒருவர் எழுந்து நமக்கு இடம் கொடுக்கிறார். உடனே "ரொம்ப நன்றிங்க" என்கிறோம். தெருவில் தவறி விழுந்த சாவியை யாரோ ஒருவர் எடுத்துக் கொடுக்கிறார். அவருக்கும் ஒரு கும்பிடு போடுகிறோம்.

ஆனால் வீட்டில்?

காலையில் கண் விழித்ததும் காப்பி வருகிறது. குளிக்க வெந்நீர் தயாராக இருக்கிறது. நேற்று கழற்றிப் போட்ட சட்டை, இன்று துவைத்து மடித்து அலமாரியில் இருக்கிறது. தட்டின் முன் உட்கார்ந்தால் இட்லி வந்து விழுகிறது. இத்தனைக்கும் நாம் சொல்லுவது என்ன?

"காப்பியில் சர்க்கரை போதவில்லை!"

இவ்வளவு தான்!

முன்பின் தெரியாதவருக்கு நன்றியை வாரி வழங்குகிறோம். வீட்டில் இருப்பவருக்கு மட்டும் கொடுக்க மனம் வருவதில்லை. பேருக்கும் புகழுக்கும் ஆசைப்பட்டு யாரும் வீட்டில் உழைப்பதில்லை. அது உண்மை தான். ஆனாலும், ஒரு நல்ல வார்த்தை கூட கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் உழைத்தால் எந்த மனமும் சலித்துப் போகும். அந்தச் சலிப்பு தான், பல வீடுகளில் சண்டையாகவும், பேச்சில்லாத மவுனமாகவும் மாறுகிறது.

ஆகவே இது சின்ன விஷயம் அல்ல. ஒரு குடும்பம் சிரித்துக் கொண்டு இருக்குமா, முகத்தைத் திருப்பிக் கொண்டு இருக்குமா என்பதே இதில் தான் இருக்கிறது.

போன பிறகு தெரியும்

தினமும் கிடைக்கும் பொருள் கண்ணில் படாது. அது இல்லாமல் போகும்போது தான் கண்ணில் படும். இது மனித சுபாவம்.

2019-ம் ஆண்டு கோடையை சென்னை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்தன. தெருத் தெருவாக காலிக் குடங்கள் வரிசையில் நின்றன. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று பெண்கள் நள்ளிரவிலும் விழித்திருந்தார்கள். ஜூலை மாதம் 12-ந் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர்!

அந்த நாட்களில் ஒரு சொம்பு தண்ணீரை நாம் எவ்வளவு மரியாதையாகப் பார்த்தோம்! அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினோம். குழாயில் காற்று சத்தம் கேட்டாலே, தண்ணீர் வருகிறது என்று ஓடினோம்.

பிறகு மழை பெய்தது. குழாயில் தண்ணீர் வந்தது. நாமும் பழையபடி, குழாயைத் திறந்து விட்டு பல் தேய்க்கத் தொடங்கி விட்டோம்.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்தில் கரையைக் கடந்தது. தென்னை மரங்கள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன. டெல்டாவில் எத்தனையோ கிராமங்களில் பல நாட்கள் விளக்கு எரியவில்லை. வெளி மாவட்டங்களில் இருந்தும் அண்டை மாநிலங்களில் இருந்தும் மின் ஊழியர்கள் வந்து, சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். முதல் விளக்கு எரிந்தபோது மக்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவு உண்டா?

இன்று மாலை உங்கள் வீட்டில் விளக்கு எரியும். யாராவது மகிழ்ச்சி அடைவார்களா? சந்தேகம் தான்!

தண்ணீருக்கும் விளக்குக்கும் நேர்ந்த கதியே வீட்டில் உள்ள மனிதர்களுக்கும் நேர்கிறது. தாயார் பத்து நாள் ஊருக்குப் போகட்டும். இரண்டாவது நாளே வீடு தலைகீழாகி விடும். "அம்மா எப்போது வருவாள்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "உன் அம்மாவுக்குப் போன் போடு" என்று அப்பா சொல்லுவார். அவள் திரும்பி வந்து மூன்றாம் நாள்? மறுபடியும், "காப்பியில் சர்க்கரை போதவில்லை" தான்!

பாட்டியைக் கேளுங்கள்

நம் வீட்டில் என்னென்ன நன்மைகள் இருக்கின்றன என்று தெரிய வேண்டுமா? பாட்டியைக் கேளுங்கள். அவர் காலத்தில் என்னென்ன இல்லை என்று சொல்லுவார்.

இட்லிக்கு மாவு அரைக்க ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்தால், எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகும். குழம்புக்கு அம்மியில் அரைக்க வேண்டும். நெல்லை உரலில் குத்த வேண்டும். விறகு ஈரமாக இருந்தால், ஊதி ஊதி கண் சிவந்து விடும். இன்று சுவிட்சைப் போட்டால் கிரைண்டர் சுற்றுகிறது. இந்த வசதி ஏழை வீட்டிலும் வேண்டும் என்று தான், 2011-ம் ஆண்டு தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது.

இதை விடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. அது பிள்ளைகளின் உயிர்.

பெரியம்மை என்றால் அந்தக் காலத்தில் ஊரே நடுங்கும். பிழைத்தவர்கள் முகத்தில் தழும்பு. சிலருக்குக் கண் பார்வையே போய் விடும். வீடு வீடாகத் தேடிச் சென்று அம்மை குத்தினார்கள். 1975-ம் ஆண்டோடு இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. 1980-ம் ஆண்டு, உலகத்தில் இருந்தே ஒழிந்து விட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இளம்பிள்ளை வாதமும் அப்படியே. இந்தியாவில் கடைசியாக அந்த நோய் கண்டது 2011-ம் ஆண்டு ஜனவரியில். 2014-ம் ஆண்டு, இந்தியாவில் அந்த நோய் இல்லை என்று சான்று கிடைத்தது.

இன்னொரு கணக்கு பாருங்கள். 1971-ம் ஆண்டில், நம் நாட்டில் பிறந்த 1,000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயது முடிவதற்குள் இறந்தன. 2020-ம் ஆண்டில் அது 28 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 13 தான்.

எட்டுப் பெற்று நாலைப் பறிகொடுத்த பாட்டிகள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். இன்று குழந்தைக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் ஊசி போட்டு, மருந்து கொடுத்து, மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் அனுப்புகிறோம். அந்தக் குழந்தை சுவரில் கிறுக்கினால் கோபம் வருகிறது. வரட்டும். ஆனால், கிறுக்குவதற்கு ஒரு குழந்தை நல்லபடியாக இருக்கிறதே, அதற்காக ஒரு நிமிஷம் மகிழ வேண்டாமா?

அம்மிக்கு உண்டு, அம்மாவுக்கு?

தமிழர்கள் நன்றி மறந்தவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. நன்றி சொல்லுவதற்கென்றே பண்டிகை வைத்திருக்கிறோம்.

பயிரை வளர்த்த சூரியனுக்குப் பொங்கல். மறுநாள் மாட்டுப் பொங்கல். உழைத்த மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டு, பொங்கல் ஊட்டுகிறோம். அன்று மாட்டுக்கு வேலை கிடையாது. ஆயுத பூஜை அன்று அம்மி, அரிவாள்மணை, சைக்கிள், தையல் இயந்திரம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம்.

மிக நல்ல பழக்கம். ஆனால், அந்த அம்மியில் அரைத்த கைக்கு என்ன செய்தோம்? மாட்டுப் பொங்கல் அன்று மாட்டுக்கு ஓய்வு உண்டு. மாட்டுக்கும் சேர்த்துப் பொங்கல் வைக்கும் பெண்ணுக்கு ஓய்வு உண்டா? அன்றைக்குத் தான் அவளுக்கு வேலை அதிகம்!

299 நிமிடம்

"வீட்டு வேலை என்ன பெரிய வேலை?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு கணக்கு.

2019-ம் ஆண்டில் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. யார் யார், ஒரு நாளில் எந்த எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று கேட்டார்கள். சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள், அதற்காக நாள் ஒன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று தெரிந்தது. அதாவது 5 மணி நேரம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அதுவும், 100 ஆண்களில் சுமார் 26 பேர் தான் வீட்டு வேலையில் கை வைத்தார்கள். பெண்களில் 81 பேர்.

299 நிமிடத்தை 365 நாளால் பெருக்கிப் பாருங்கள். ஆண்டுக்கு 1,800 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. எட்டு மணி நேரத்தை ஒரு வேலை நாளாக வைத்தால் 227 நாள் வேலை! இதற்குச் சம்பளம் இல்லை. போனஸ் இல்லை. ஓய்வு பெறும் வயதும் இல்லை. பல பெண்கள் வயலிலும், கம்பெனியிலும், ஆபீசிலும் உழைத்து விட்டு வந்து, அதற்கு மேல் இதையும் செய்கிறார்கள்.

2023-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அந்தத் திட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். "உதவித் தொகை" என்று வைக்கவில்லை. "உரிமைத் தொகை" என்று வைத்தார்கள். அரசாங்கமே கணக்கில் எடுத்துக் கொண்டதை, வீட்டில் உள்ள நாம் கணக்கில் எடுக்க வேண்டாமா?

"நமக்குள் என்ன நன்றி?"

"பெற்ற தாய்க்கும், கட்டிய மனைவிக்கும் நன்றி சொல்லுவதா? அது அந்நியர்களுக்குச் சொல்லுவது அல்லவா?" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்வி. நம் வீடுகளில் "நன்றி" என்ற சொல் அவ்வளவாகப் புழங்குவது இல்லை. திடீரென்று கணவன் எழுந்து நின்று, "உனக்கு என் நன்றி" என்று சொன்னால், மனைவி பயந்து போவாள். "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்பாள்!

அந்தச் சொல் தான் வேண்டும் என்பது இல்லை. நம்மிடம் வேறு சொற்கள் இருக்கின்றன.

"குழம்பு இன்றைக்கு நன்றாக இருக்கிறது."

"நீ உட்கார். நான் எடுத்துப் போட்டுக் கொள்கிறேன்."

"நீ சாப்பிட்டாயா?"

கடைசியாகச் சொன்ன அந்த இரண்டு சொற்களுக்கு ஈடு கிடையாது. எல்லாருக்கும் பரிமாறி விட்டு, கடைசியில் மிச்சம் இருப்பதைச் சாப்பிடும் பெண்ணை, இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. கேட்டதோடு நிற்காமல், அவளுக்கு இட்லி மிச்சம் இருக்கிறதா என்று பாத்திரத்தைத் திறந்து பார்த்து விட்டால், அதை விடப் பெரிய நன்றி இல்லை.

அப்பாவும் தான்

தாய்மாரைப் பற்றி மட்டும் சொன்னால் போதாது. மற்றவர்களும் இருக்கிறார்கள்.

வளைகுடா நாட்டில் வெயிலில் நின்று உழைக்கும் தகப்பனார், மாதா மாதம் பணம் அனுப்புகிறார். வீட்டுக்குப் பணம் தெரிகிறது, வெயில் தெரிவதில்லை. ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறவர், வீட்டில் உள்ளவர்கள் எழுந்திருக்கும் நேரத்தில் படுக்கப் போகிறார். "அப்பா எப்போதும் தூங்குகிறார்" என்று பிள்ளைகள் நினைக்கின்றன. தனக்குச் செருப்பு தேய்ந்து போனாலும், பிள்ளைக்குப் புது ஷூ வாங்குகிறவர் அவர் தான். பிள்ளைகளுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டியது தாயின் பொறுப்பு. தாயின் உழைப்பை எடுத்துச் சொல்ல வேண்டியது தகப்பனின் பொறுப்பு.

வீட்டுப் பெரியவர்களும் அப்படியே. பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, திரும்ப அழைத்து வருகிற தாத்தா. கீரை ஆய்ந்து கொடுக்கிற பாட்டி. இவர்கள் இருப்பதால் தான் மகனும் மருமகளும் நிம்மதியாக வேலைக்குப் போகிறார்கள். பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் வாங்கிக் கொடுக்க, 2007-ம் ஆண்டில் சட்டமே வந்து விட்டது. சட்டம் சோறு வாங்கிக் கொடுக்கும். "சாப்பிட்டீர்களா, அப்பா?" என்று கேட்க வைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது.

வாயை அடைக்க அல்ல

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம்.

நன்றியைப் பற்றிப் பேசும்போது சிலர் அதைத் தலைகீழாகப் பிடித்துக் கொள்கிறார்கள். "உனக்குச் சோறு போடுகிறேன், துணி வாங்கித் தருகிறேன். நன்றியோடு வாயை மூடிக் கொண்டு இரு" என்று மனைவியை அதட்டுகிற கணவன் இருக்கிறான். குடித்து விட்டு வந்து அடிக்கிற கணவனைப் பற்றி மகள் கண்ணீரோடு சொன்னால், "எத்தனையோ பேருக்கு இது கூட இல்லை. இருப்பதை வைத்துத் திருப்திப்படு" என்கிற பெற்றோர் இருக்கிறார்கள்.

இது நன்றி அல்ல, அநியாயம்.

நன்றி என்பது வாங்கியவன் தானாகச் சொல்ல வேண்டியது. கொடுத்தவன் அதட்டிக் கேட்டு வாங்குவது அல்ல. அடிக்கும் கைக்கு யாரும் நன்றிக்கடன் படவில்லை. அடிபடும் பெண்ணுக்குப் புத்திமதி தேவை இல்லை. துணை தான் தேவை. 2005-ம் ஆண்டில் இயற்றிய குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்காக இருக்கிறது. 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் உதவி கிடைக்கும்.

திருப்தி நல்ல குணம் தான். ஆனால், அதை நமக்கு நாமே சொல்லிக் கொள்ள வேண்டும். அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்து, "நீ திருப்தியாக இரு" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

வள்ளுவர் வைத்த வரிசை

திருக்குறளில் இல்லறவியல் என்று ஒரு பகுதி இருக்கிறது. குடும்பம் நடத்துகிறவர்களுக்கான பகுதி. அதில் 10-வது அதிகாரம், "இனியவை கூறல்". 11-வது அதிகாரம், "செய்ந்நன்றி அறிதல்". 12-வது அதிகாரம், "நடுவு நிலைமை".

இந்த மூன்றையும் வரிசையாக வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள்.

முதலில், இனிமையாகப் பேச வேண்டும். அடுத்து, நமக்காக யார் என்ன செய்தார்கள் என்று அறிய வேண்டும். அதற்கும் அடுத்து, நியாயமாக நடக்க வேண்டும். அதாவது, பாரத்தைப் பங்கு போட்டுக் கொள்ள வேண்டும்.

முதலாவதோடு நின்று விட்டால் அது வெறும் முகஸ்துதி. "சமையல் பிரமாதம்" என்று தினமும் சொல்லி விட்டு, சாப்பிட்ட தட்டை அங்கேயே விட்டுப் போனால் என்ன பிரயோஜனம்? தட்டைக் கழுவி வைப்பதும் நன்றி தான். துணியைக் காயப் போடுவதும் நன்றி தான். மகளைப் போலவே மகனுக்கும் துடைப்பத்தைப் பிடிக்கக் கற்றுக் கொடுப்பது, இன்னும் பெரிய நன்றி. நாளை அவன் மனைவியாக வரப் போகிற பெண்ணும் அதனால் நன்மை அடைவாள்.

இன்று ஞாயிறு

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஆபீசுக்கு விடுமுறை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. அடுப்புக்கு மட்டும் விடுமுறை இல்லை. மற்ற நாளில் குழம்பும் பொரியலும் போதும்; ஞாயிற்றுக்கிழமை என்றால் கறி வேண்டும், மீன் வேண்டும், வடை வேண்டும். எல்லாரும் இளைப்பாறும் நாளில், ஒருவருக்கு மட்டும் இரட்டை வேலை!

ஆகவே, பெரிய சபதம் எதுவும் வேண்டாம். இன்றைக்கு மூன்று காரியம் செய்யுங்கள்.

வெங்காயம் உரிக்க ஒரு ஆள், பாத்திரம் துலக்க ஒரு ஆள் என்று வேலையைப் பிரித்துக் கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். சமைத்தவரும் அதே பந்தியில் உட்காரட்டும். சாப்பிடும்போது, இந்த வாரத்தில் வீட்டில் யார் யாருக்கு என்ன உதவி செய்தார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள். சிறு பிள்ளைகள் முதலில் சொல்லட்டும். பெரியவர்கள் கவனிக்காததை எல்லாம் அவர்கள் கவனித்திருப்பார்கள்.

இதற்குக் காசு செலவு இல்லை. நல்ல நாள் பார்க்க வேண்டியதும் இல்லை. குடம் காலியான பிறகு தான் தண்ணீரின் அருமை தெரிய வேண்டும் என்பது இல்லையே! குழாயில் தண்ணீர் வரும்போதே, அருகில் ஆள் இருக்கும்போதே, அந்த நல்ல வார்த்தையைச் சொல்லி விடுங்கள்.

சரி, பத்திரிகையை மடித்து வையுங்கள். அடுக்களையில் யார் இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். அவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.